வண்டிவீடு புறப்படும் வேளை

‘வான் வாழ்க்கை’ என்று தொடங்கினால், விண்ணுலக வாழ்வைப் பற்றி நாம் உபதேசம் செய்யப் புகுந்துவிட்டோமென்று அன்பர்கள் எண்ணுதல் கூடும். நாம் குறிப்பது அந்த வானை அன்று. றோட்டில் ஓடும் மோட்டார் வானையே. ஐக்கிய அமெரிக்காவிலே, இத்தகைய வானுக்குள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் அமைத்து, நிலையான வீட்டைத் துறந்து, ஆண்டு முழுவதும் அதனுள்ளேயே குடியிருப்போர் பலர் இன்று உளர். அவருள் இளைஞரும் உண்டு. உத்தியோகத்தினின்று இளைப்பாறிய முதியோரும் உண்டு. மலையும் பாலைவனமும் பார்க்கும் ஆசையாற் புறப்பட்டவர் சிலர். வாடகை கொடுத்து மாளாமையாற் புறப்பட்டவர் சிலர்.

அந்நாட்டிலே வாழும் தம் மகனும் மருமகளும் வீட்டை விற்றுவிட்டு இவ்வாழ்க்கையிற் புக எண்ணியிருப்பதாக அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். மகனுடைய உத்தியோகம் நிலைக்குமோ என்பது ஐயமாம். விலைவாசியோ ஏறிய வண்ணம் இருக்கின்றதாம். காலம் தெளியும்வரை பொறுத்திருக்கும்படி மகனுக்கு எழுதுவதா, அன்றிக் காலம் இன்னும் கெடுமுன் புறப்படட்டுமென்று வாளாவிருப்பதா என்பதே அவர் கேட்கும் வினா. ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு இவ்வினாவிலே தொங்குகின்றமையால், இவ்வாரம் இதனையே எடுத்துக்கொண்டோம்.

பொறுப்பதா, விரைவதா என்னும் இவ்விரண்டு யோசனைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினும், ஒரே நம்பிக்கையின்மேல் நிற்பவை. வருங்காலம் எப்படியிருக்கும் என்பதை நாம் கணித்துவிடலாம் என்பதே அந்த நம்பிக்கை. அது எத்துணை உறுதியானது என்பதற்கு அமெரிக்கச் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு.

றோஜர் பாப்சன் என்பார் அந்நாட்டிற் புகழ்பெற்ற பொருளாதாரக் கணிப்பாளர். பங்குச்சந்தை சரியப்போகின்றதென்று 1929 செப்டெம்பர் மாதத்திலே அவர் எச்சரித்தார். அடுத்த மாதமே சந்தை சரிந்தது. பாப்சனின் பெயர் நாடெங்கும் பரவிற்று. ஆனால் அதே எச்சரிக்கையை அவர் முந்திய ஆண்டுகளிலும் விடுத்திருந்தார் என்பதைப் பலர் மறந்தனர். முன்னரே அவர் சொற்கேட்டுப் பங்குகளை விற்றவர், சந்தை மேலும் மேலும் ஏறியதைக் கைகட்டிப் பார்த்திருந்தனர். இதே பாப்சன்தான் 1930களின் நடுப்பகுதியிலே வேறொரு கணிப்பையும் வெளியிட்டார். இன்னும் இருபது ஆண்டுகளுள் அமெரிக்க மக்களிற் பாதிப்பேர் மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச்செல்லும் வீடுகளிற் குடியிருப்பர் என்பது அக்கணிப்பு. இருபது ஆண்டு கழிந்தது; மக்களோ வண்டிவீட்டிற் குடியேறவில்லை. நகரங்களின் புறத்தே தோட்டத்தோடு கூடிய கல்வீடுகளையும் மரவீடுகளையும் கட்டிக்கொண்டு நிலைத்துவிட்டனர். கைதேர்ந்த கணிப்பாளருக்கே காலம் இவ்வாறு பிடிகொடாதெனின், நம் மகனும் மருமகளும் காலத்தைக் கணித்து வேளை குறித்தல் எங்ஙனம்?

அண்மைக் காலத்தையே நோக்குவோம். கொரோனாப் பெருந்தொற்றின்போது, வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள் வண்டிவீடுகளை வாங்க முண்டியடித்தனர். 2021இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் விற்பனைக்கு அனுப்பிய வண்டிவீடுகளின் தொகை 6 இலட்சத்தைத் தாண்டிற்று. 2023இல் அது சுமார் 3 இலட்சத்து 13 ஆயிரமாய்ச் சுருங்கிற்று. இரண்டே ஆண்டில் ஏறத்தாழப் பாதி! எல்லாரும் ஓடுகின்ற வேளையில் அதிக விலை கொடுத்து வாங்கியவர் பலர், ஓட்டம் ஓய்ந்தபின் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது.

பெற்றோல் விலையும் அவ்வாறே. 2020 ஏப்பிரிலிலே அந்நாட்டில் ஒரு கலன் 2 டொலருக்கும் குறைவாக விற்றது. 2022 யூனிலே சராசரி விலை 5 டொலரைத் தொட்டது. அதே ஆண்டில் நம் நாட்டிற் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு கலனுக்கு 15 மைல் ஓடும் வான், 1,000 மைல் செல்ல ஏறக்குறைய 67 கலன் குடிக்கும். கலன் 2 டொலராயின் செலவு 134 டொலர். 5 டொலராயின் 335 டொலர். ஆயினும் இங்கே ஓர் ஆறுதல் உண்டு. வாடகையைக் குறைக்கக் குடியிருப்போனால் ஆகாது. மைலைக் குறைக்க வண்டிக்காரனால் ஆகும். ஒரே இடத்தில் இரண்டு வாரம் நிறுத்தியிருந்தால் வண்டி ஓடுவதற்கென்று ஒரு துளியும் செலவாகாது.

ஆகவே காலம் தெளியட்டும் என்று காத்திருப்பது, அலை ஓய்ந்தபின் தலைமுழுகக் கடற்கரையில் நிற்பவன் கதையாகவே முடியும். கெடுமுன் ஓடுவோம் என்பதும் ஆழமறியாமற் காலை விடுவதேயாம். பின் எதனை அளவாகக் கொள்வது?

திருக்குறளின் அதிகார வைப்புமுறை ஈண்டு நமக்கு ஒரு வழி காட்டுகின்றது. அரசனுக்குரிய ஆலோசனைகளைக் கூறுமிடத்து வள்ளுவர் முதலில் வலியறிதலை வைத்தார், அதன்பின் காலமறிதல், அதற்கும் பின் இடனறிதல். காலத்தை அறியுமுன் தன் வலியை அறிதல் வேண்டும். காலத்தை அறிந்தபின் இடத்தையும் அறிதல் வேண்டும். படைகொண்டு செல்லும் மன்னனுக்குச் சொன்ன இம்முறை, வான் கொண்டு செல்லும் குடும்பத்துக்கும் பொருந்துவதே.

முதலில் வலி. இது பொருள்வலி, வண்டிவலி, மனவலிமை என மூவகைப்படும்.

வீட்டின் கூரை ஒழுகினால், வீட்டிலிருந்தபடியே மேசனை அழைக்கலாம். வண்டிவீட்டின் எஞ்சின் பழுதானால், வீடே கராஜுக்குப் போய்விடுகின்றது. திருத்தும் கூலியோடு, அத்தனை நாளும் தங்கும் அறைக்கும் வாடகை கொடுத்தல் வேண்டும். எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ மாற்றுதல் பல ஆயிரம் டொலர் விழுங்கும் காரியம். ஆதலின் கையிருப்பு இரண்டு பங்காக இருத்தல் வேண்டும்: வண்டிக்கு ஒன்று, வண்டியில்லாத நாட்களுக்கு ஒன்று. இவ்விரண்டோடு, மீண்டும் ஒரு வீட்டிற் குடிபுக முற்பணமும் முதன்மாத வாடகையும் கொடுக்கத் தக்க தொகை ஒன்றைத் தொடாது வைத்தலும் அவசியம். திரும்பிவரப் பணமில்லாது புறப்படுவோன் பிரயாணியல்லன், வழி தவறியவனே.

வண்டியைக் கடனுக்கு வாங்கலாமா என்று கேட்பின், ஐயமான காலத்தில் வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். உத்தியோகம் போய்த் தவணை தவறினால், கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துச் செல்வர். வண்டியோடு வீடும் போகும். பழைய வண்டியாயினும், கடனற்றதும் நல்ல திருத்துநர் ஒருவர் பார்த்துச் சரியென்றதுமான வண்டியே நிம்மதி தரும்.

மனவலிமையைக் கணக்கிற் பலர் சேர்ப்பதில்லை. பெரிய வான் ஒன்றின் பின்தளம் ஏறத்தாழ 80 சதுர அடி. கணவனும் மனைவியும் மனம் கசந்த ஒரு மழைநாளிலே, மற்றோர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவதற்கு அங்கே மற்றோர் அறை இல்லை. இருபது லீற்றர்த் தண்ணீர்க் கலம் 20 கிலோ நிறை கொண்டது. குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் இருவருக்கு அது இரண்டு மூன்று நாளுக்கே காணும். 12 வோல்ற்று 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று, வெயிலில்லாத நாளிலே சிறிய குளிர்ப்பெட்டி ஒன்றை ஏறக்குறைய இரண்டு நாள் நடத்தும், அதற்குமேல் இல்லை. குளிர்காலத்தில் உள்ளே அடுப்பெரித்தால் மூச்சின் ஈரமும் அடுப்பின் ஈரமும் சுவரிற் படியும். காற்றோட்டமும் நச்சுவாயுவை உணர்த்தும் மணியும் இல்லாவிடின் உயிருக்கே ஆபத்து நேரும். இவையெல்லாம் புத்தகத்திற் படித்து அறிவன அல்ல. வீட்டைக் கைவிடாமலே ஒரு மாதம், அதிலும் மழையும் குளிரும் உள்ள மாதம் ஒன்றில், வண்டியிலேயே வாழ்ந்து பார்த்தல் வேண்டும். அந்த மாதத்துக்குப் பின்னும் இருவரும் ஒரே குரலில் விருப்பம் சொன்னால், வலி உண்டென்று கொள்ளலாம்.

அடுத்தது காலம். உலகத்தின் காலத்தை நாம் அறியோம்; நம் குடும்பத்தின் காலத்தை அறிவோம். வீட்டு வாடகை ஒப்பந்தம் முடியும் நாள், பிள்ளையின் பள்ளியாண்டு நிறைவுறும் நாள், தவணைக் கடன் தீரும் நாள் என்பன நாட்காட்டியிலே குறிக்கத்தக்கவை. அந்நாட்டில் 65 வயது நிரம்பியோர்க்கு மெடிகேர் என்னும் அரசாங்க வைத்தியக் காப்புறுதி உண்டு. அவ்வயதிற்குக் குறைந்தோர் தாமாக வாங்கும் காப்புறுதியோ, பெரும்பாலும் அவர் வதியும் பிரதேசத்து வைத்தியர்களையே தழுவியது. வேற்று மாநிலத்திலே அவசர சிகிச்சையன்றி வேறொன்றுக்கும் உதவாமற் போதலும் உண்டு. அறுபத்து மூன்று வயதினர் இருவர் இன்னும் இரண்டாண்டு பொறுப்பதற்கு இது நியாயமான காரணம். செய்தித்தாளின் தலைப்பைக் கண்டு பொறுத்தல் நியாயமான காரணம் அன்று.

மூன்றாவது இடம். வண்டிக்குச் சக்கரம் உண்டாதலின் எங்கும் போகலாம் என்பது உண்மையே. எங்கும் நிற்கலாம் என்பது உண்மையன்று. மேல்மாநிலங்களிலே மத்திய அரசாங்கத்தின் நிலமேலாண்மைப் பணியகத்துக்குரிய பரந்த வெளிகள் உண்டு. அவற்றிற் பெரும்பாலும் 28 நாளுள் 14 நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம். பின்னர் இடம் மாறல் வேண்டும். அரிசோனா மாநிலத்துக் குவாட்சைற் என்னும் பாலைவன ஊரின் அருகே, அனுமதிச்சீட்டுப் பெற்றோர் செப்டெம்பர் 15 முதல் ஏப்பிரில் 15 வரை தங்குதற்கெனவே ஒதுக்கிய நிலமும் உண்டு. குளிர்காலத்தில் அங்கே வண்டிவீடுகள் ஒரு நகரம்போற் கூடுகின்றன.

ஆனால் 2020 மார்ச்சு மாதம் நிகழ்ந்ததை மறத்தலாகாது. 19ஆந் திகதி கலிபோர்ணியா மாநிலம் எல்லாரையும் வீட்டிலே இருக்கப் பணித்தது. 24ஆந் திகதி யெலோஸ்ரோன் தேசியப் பூங்கா மூடப்பட்டது. முகாம்களும் நூலகங்களும், வண்டிவாசிகள் குளிக்கப் பயன்படுத்தும் உடற்பயிற்சிக் கூடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. வீட்டிலே இரு என்றால், சக்கரத்தின்மேல் வீடு கொண்டவன் எங்கே இருப்பது? உறவினர் வீட்டு முற்றம் ஒன்று உடையோர் அங்கே போய் நின்றனர். அஃதிலார் இடந்தேடி அலைந்தனர். 2024 யூன் 28ஆந் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றும் இங்கே கருதத்தக்கது. ஓறிகன் மாநிலத்துக் கிறான்ற்ஸ் பாஸ் நகர் சம்பந்தமான அவ்வழக்கிலே, பொது இடத்தில் இரவு தங்குதலைத் தடைசெய்து தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணாகா என்று முடிவாயிற்று. நகரத் தெருவோரத்தை நம்பிப் புறப்படுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

முகவரியும் இடத்தைச் சார்ந்ததே. சாரதி அனுமதிப்பத்திரம், பாங்குக் கணக்கு, காப்புறுதி, வாக்குரிமை ஆகிய அனைத்தும் ஒரு முகவரியைக் கேட்கின்றன. வண்டிவாசிகள் பலர் தென் டக்கோட்டா, ரெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களிலே தபாலைப் பெற்று அனுப்பிவைக்கும் நிலையங்களின் முகவரியைக் கொள்கின்றனர். எனினும் தென் டக்கோட்டா 2023இலே வாக்காளர் பதிவு விதிகளை இறுக்கிற்று. ஆதலின் நேற்றைய வழி இன்றும் உண்டா என்று விசாரித்தறிதல் கடன்.

இனி வீட்டை விற்றல் என்னும் பெரிய காரியத்துக்கு வருவோம். வண்டியை வாங்கிப் பிழைத்தால் விற்கலாம். பிரயாணம் கசந்தால் திரும்பலாம். விற்ற வீட்டை அதே விலைக்கும் அதே வட்டிக்கும் திரும்பப் பெறுதல் அரிது. 2021 ஜனவரியிலே அமெரிக்காவில் முப்பதாண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி நூற்றுக்கு 2.65 ஆக இருந்தது. 2023 ஒக்டோபரிலே அது 7.79 ஆயிற்று. 3 இலட்சம் டொலர்க் கடனுக்கு முன்னையதிலே மாதத் தவணை சுமார் 1,209 டொலர். பின்னையதிலே சுமார் 2,158 டொலர். குறைந்த வட்டிக் கடனோடிருந்த வீட்டை அவசரப்பட்டு விற்று, மூன்றாண்டில் வண்டி வாழ்க்கை அலுத்துத் திரும்பியவர் இந்த வேற்றுமையைத் தம் கையிலிருந்தே கொடுத்தனர். வீடு உடையோர் முதலாண்டில் அதனை வாடகைக்கு விடுதலே விவேகம். திருப்பிச் செய்யக்கூடிய காரியங்களை முதலிலும், திருப்ப முடியாததைக் கடைசியிலும் வைத்தல் எக்காலத்துக்கும் ஏற்ற முறையாகும்.

இவ்வளவும் தெரிவு செய்யும் வசதி உடையோர்க்குக் கூறினோம். அவ்வசதி இல்லாரும் உளர். நெவாடா மாநிலத்திலே எம்பயர் என்றோர் ஊர். சிப்சச் சுவர்ப்பலகை செய்யும் ஆலையின் ஊர். 2011 ஜனவரி 31ஆந் திகதி ஆலை மூடப்பட்டது. வீடுகளும் கம்பெனிக்கே உரியனவாதலின், தொழிலோடு வீடும் போயிற்று. ஊரின் தபாற் குறியீட்டெண்ணும் நீக்கப்பட்டது. ‘நோமட்லாண்ட்’ என்னும் திரைப்படம் தொடங்குவது இந்நிகழ்ச்சியோடுதான். வண்டிவாசிகளுக்கு வழிகாட்டியாக விளங்கும் பொப் வெல்ஸ் என்பாரும் ஆசையாற் புறப்பட்டவரல்லர். 1995இலே அலாஸ்காவில், மணமுறிவுக்குப்பின் வாடகை கொடுக்க இயலாது பழைய வான் ஒன்றிற் குடிபுகுந்தார். தொடக்கத்திலே துயருற்றவர், பிற்காலத்தில் அதனையே தம் வாழ்க்கையாகக் கொண்டு, குவாட்சைற் அருகே வண்டிவாசிகளைக் கூட்டி அனுபவங்களைக் கற்பித்து வரலானார்.

அதே 1995இன் ஒக்டோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுகளைப் பூட்டிக்கொண்டு நடந்ததை நம் வாசகர் பலர் அறிவர். அவர்க்கு வேளை பார்க்கும் அவகாசம் இருக்கவில்லை. புறப்படும் நாளைத் தாமே குறிக்கும் உரிமை எத்துணை அரியது என்பதை நாம் அறிந்தவர்கள். அவ்வுரிமை கையிலிருக்கும்போது அதனை அச்சத்தால் வீணாக்கலாகாது.

ஆதலின் ஒரே நிச்சயமற்ற காலம் இருவகைக் குடும்பங்களுக்கு இருவேறு விடை தருகின்றது. வீடு சேமிப்பைக் காக்கின்றதாயின், விரையற்க, ஆயத்தம் நிறையட்டும். வாடகையோ தவணையோ மாதந்தோறும் சேமிப்பை அரித்து, வீட்டை இழப்பது எப்படியும் நேருமென்று கணக்குக் காட்டுகின்றதாயின், தாமதியற்க. கடைசிக் காசும் வாடகையாய்ப் போனபின் புறப்படுவோனுக்கு, நல்ல ரயரும் பற்றரியும் வாங்கக் காசு இராது. அதே மனிதன் ஆறு மாதம் முன்னே புறப்பட்டிருந்தால் வண்டிவாசி; பின்னே புறப்பட்டால் வீடற்றவன். கையிருப்பு எவ்வளவு மாதத்துக்குக் காணும் என்னும் கணக்கை எழுதிப் பார்க்காமல் இவ்வினாவுக்கு எவரும் விடை கூற முடியாது.

அன்பர் தம் மகனுக்கு எழுதுங்கால், போ என்றும் எழுத வேண்டா; போகாதே என்றும் எழுத வேண்டா. மாதச் செலவு எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு, வண்டி கடனற்றதா, நாடு கதவடைத்தால் எந்த உறவினர் முற்றத்திலே நிற்பீர்கள், மருமகளின் உள்ளத்து விருப்பம் யாது என்று ஐந்து வினாக்களை எழுதி, விடையைக் கடிதத்திலே தரும்படி கேட்பாராக. கேள்வியிலே தந்தையின் அச்சம் தொனியாதிருத்தல் முக்கியம். அச்சம் தொனித்தால், இளையோர் விடையை நமக்காக எழுதுவர், தமக்காக எழுதமாட்டார். ஐந்துக்கும் தெளிவான விடை வருமாயின், இளவேனில் தொடங்கும் ஒரு நாளைக் குறித்து ஆசி கூறி அனுப்பலாம். ஒன்றுக்கேனும் விடை வாராதாயின், அதனைத் தேடுவதே அவர்களுடைய முதற் பிரயாணமாகும்; அதற்கு வீட்டை விற்க வேண்டியதில்லை.